இருபத்தெட்டு நாள்

முற்றத்தில் இருந்தது ஒரு காருக்கான இடம்.
சண்டைக்கு வயது பதினொன்று.

திபிலிசியில், சோலோலாக்கி மேட்டில்,
மூன்று பக்கமும் மரத் தாழ்வாரங்கள் எட்டிப் பார்க்கும் வீடு.
கீழே ஓத்தியா, பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர், ஆறடி நான்கு அங்குலம்.
மேலே குராந்தா, பிரசவ ஆஸ்பத்திரியில் தாதி,
அவர் தோளுக்கும் எட்டமாட்டாள்.
அவர் பூந்தொட்டி வைத்து இடம் பிடிப்பார்.
அவள் தொட்டியை நகர்த்தி,
செடிக்குத் தண்ணீரும் ஊற்றிவிட்டுக்
காரை விடுவாள்.

வழக்கை விட லிஃப்ட் மலிவு என்று யாரோ சொல்ல
என்னைக் கூப்பிட்டார்கள்.

"வெட்டவெளியில் நிற்குமா? மழை, பனி?"
"நிற்கும். தரை நின்றால்."

தரை நிற்கவில்லை.
கல்லைப் பெயர்த்தால் செங்கல் சல்லி,
அதற்கும் அடியில்
யாரோ புதைத்த இரும்புக் கட்டிலின் ஒரு கால்.
ரசமட்டத்தை வைத்தேன்;
குமிழி தெருவுக்கு முதுகைக் காட்டி ஓடியது.
நான்கு விரல் சரிவு.
கம்பி கட்டி, ஒன்றரைச் சாண் கனத்துக்குக் கான்கிரீட் கொட்டி
மட்டம் செய்து சொன்னேன்:
இருபத்தெட்டு நாள் இதன்மேல் யாரும் வண்டி ஏற்றக்கூடாது.

முதல் இரவே ஒரு பூனை ஏறியது. நான்கு பாதம், இன்னும் இருக்கிறது.
பதினெட்டாம் நாள் வந்து பார்த்தால்
என் கான்கிரீட்டின்மேல் வெள்ளைத் துணி விரித்து
முசுக்கட்டைப் பழம் காயவைத்திருந்தார்கள்.
ஓத்தியாவுடையதா, குராந்தாவுடையதா?
யாரும் சொல்லவில்லை. நானும் ஒன்றை எடுத்துத் தின்றேன்.

பிறகு வேலை வேகமாக நடந்தது.
துத்தநாகம் பூசிய தூண் இரண்டு, மேடை ஒன்று.
போல்ட்டுகள் ஒவ்வொன்றும்
சாவியில் 'டக்' என்று சொல்லும்வரை முறுக்கினேன்.
மோட்டாருக்கு ரப்பர் விளிம்பு வைத்த பெட்டி,
குளிருக்குத் தோதான மெல்லிய எண்ணெய்.
வெறும் மேடையை ஏழு தடவை ஏற்றி இறக்கினேன்,
சிலிண்டருக்குள் மாட்டிக்கொண்ட காற்று
இருமி இருமி வெளியேறும்வரை.
ஓத்தியா ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கேட்டார்.
"பம்பு சுருதி சுத்தம்" என்றார்.
அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

யார் மேலே?
அதை முடிவு செய்தது முசுக்கட்டை மரம்.
ஓத்தியாவின் நீவா உயரம், கிளையில் இடிக்கும்.
கிளையை வெட்ட முற்றத்தில் ஒருத்தரும் சம்மதிக்கவில்லை.
ஆகவே குராந்தாவின் கார் மேலே, பழக்கறைக்கு.
ஓத்தியாவின் கார் கீழே, எண்ணெய்ச் சொட்டுக்கு.

மேலே நிற்பது இறங்க
கீழே நிற்பது நகர வேண்டும்.
கையேட்டில் பதினான்காம் பக்கம்.
இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.
இருவரும் படிக்கவில்லை.

பகலில் மட்டும் பிறப்பதென்று
குழந்தைகள் யாரிடமும் எழுதிக் கொடுக்கவில்லையே.
முதல் வாரம், அதிகாலை மூன்று மணி,
கம்பளி போர்த்திய ஓத்தியா
திட்டிக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்தாராம்.
இரண்டாம் வாரம் திட்டு மட்டும் வந்தது,
ஜன்னல் வழியே, சாவியோடு.
அப்புறம் ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆணி.

டிசம்பரில் கூப்பிட்டார்:
"குளிருக்குப் பம்பு கால் சுரம் இறங்கிவிட்டது."
காது அப்படி. எண்ணெய் தடித்திருந்தது, மாற்றினேன்.
கையைத் துடைக்கும்போது
"இன்னொரு புகார், மாஸ்டர்" என்றார்.
"தினமும் காலையில் என் சீட் முன்னால் கிடக்கிறது.
முட்டி தாடையில் இடிக்கிறது.
கண்ணாடியில் பார்த்தால் என் மடிதான் தெரிகிறது."

அதற்கு உத்தரவாதம் இல்லை என்றேன்.

மேல் தாழ்வாரத்திலிருந்து குராந்தா,
என்னைப் பார்த்து, அவர் காதில் விழும்படி:
"கிளட்ச் தேய்ந்துவிட்டது.
பார்க்கச் சொல்லுங்கள்."

நான் குனிந்து சங்கிலிக்கு கிரீஸ் தடவினேன்.