கொழுப்பா, மெழுகா

பன்றிக்குச் சத்தம் போதும்.
வெறும் மருந்தைக் கிட்டித்து வெடித்தாலே
கடலைக் காட்டை விட்டுக் கண்மாய்ப் பக்கம் ஓடிவிடும்.
குண்டு எனக்காக.
புற்றுமேட்டில் சாத்திய பனைமட்டை,
அதில் கரியால் ஒரு வட்டம்,
அறுபது தப்படி,
ஞாயிற்றுக்கிழமை.

உரிமப் புத்தகத்தில் பயிர்ப் பாதுகாப்பு என்றிருக்கிறது.
வட்டத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

ஈயம், காரைக்குடி டயர்க்கடையில் கழித்துப் போட்ட எடைத்துண்டு.
உருகியதும் இரும்புக் கொக்கிகள் மேலே வந்து மிதக்கும்,
வழித்துப் போட்டுவிட்டு அச்சில் ஊற்றுவேன்.
பிறந்த குண்டில் முகம் தெரியும்.
மூச்சு விடுவதற்குள் மங்கிவிடும்.

அப்படியே போட்டால் குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்ளும்.
பத்தாவது வேட்டுக்கு நான் புற்றைப் பார்ப்பேன்,
குண்டு கண்டனூரைப் பார்க்கும்.
எதையாவது தடவ வேண்டும்.
எதை என்று வாய்விட்டுக் கேட்டதுதான் தப்பு.
புதுவயலில் ஆளுக்கொரு எண்ணெய்.

அரிசி ஆலை பெத்தபெருமாள் கிரீஸ் என்றான்.
அது மருந்துக் கரியோடு கூடித் தாராக இறுகியது.
ஒரு குடம் வெந்நீர் குடித்தும்
குழல் கறுப்பாகவே துப்பியது.
தேங்காயெண்ணெய்
மார்கழியில் கல், சித்திரையில் கண்ணீர்.
ஆட்டுக்கொழுப்பைக் கறிக்கடையில் சும்மாவே கொடுத்தார்கள்.
நன்றாகத்தான் வழுக்கியது.
கொப்பாத்தாள் அந்தச் சட்டியை
என் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனாள்.

சேவுகன் கொத்தனார் சொன்னார்:
"முட்டை வெள்ளைக்கருவும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் பூசிப் பாரு.
நூறு வருசமாச்சு, செட்டியார் வீட்டுச் சுவத்துல
இன்னும் தலை சீவலாம்."
"சுவரு எங்கயும் போறதில்லண்ணே" என்றேன்.
ஒரு வாரம் பேசவில்லை.

சூசையின் கேட் பட்டறையில் பவுடர் பூச்சு.
கானாடுகாத்தான் பங்களா ஒன்றுக்கு அடித்து மீந்த கருஞ்சிவப்பு.
டப்பாவில் போட்டுக் குலுக்கி
அடுப்பில் சுட்டுத் தந்தான், முப்பது.
கையில் ஈயம் ஒட்டவேயில்லை, அவ்வளவு அழகு.
ஆனால் ஒரு நூல் பருத்துவிட்டன.
மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைபோல
குழல் வாயிலேயே நின்றுகொண்டு
உள்ளே வரமாட்டேன் என்றன.

கடைசியில் தேன்மெழுகு,
இளக்கத்துக்குக் கொஞ்சம் விளக்கெண்ணெய்.
கொப்பாத்தாளின் நைந்த கண்டாங்கியில் ஒரு துண்டு கேட்டு
கட்டம் கட்டமாக வெட்டி
அதில் முக்கி எடுத்தேன்.
அரக்குக் கரை வந்த துண்டை மட்டும்
அவள் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

அப்போது பார்த்துத் தேர்தல் வந்தது.

சாக்கோட்டை ஸ்டேஷனில் துப்பாக்கியைக் கொடுத்து
ரசீது வாங்கினேன்.
ஏட்டு குழல் வாயை முகர்ந்து பார்த்து
"பிரசவ வார்டு வாசம் அடிக்குதே" என்றார்.

ரெண்டரை மாதம்.
பன்றிகள் யாருக்கு ஓட்டுப் போட்டனவோ,
கடலை மிச்சமில்லை.

பரணிலிருந்து முறுக்கு டின்னை இறக்கினேன்.
கொழுப்புப் பூசியவை அம்மணமாகக் கிடந்தன.
மூடி இடுக்கிலிருந்து சுவர் வரைக்கும்
எறும்பு போன தடம்.
தேங்காயெண்ணெயைக் கரப்பான் நக்கியிருந்தது.
மெழுகுக் குண்டுகள்மேல் மட்டும் லேசாக வெள்ளை பூத்து,
யாரும் தொடாமல்.

சிவப்பை எண்ணினேன்.
இருபத்தைந்து.

பின்கட்டில் யாழினி சொட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள்.
"கல்லு மாதிரி துள்ளி ஓடாதுப்பா,
போட்ட எடத்துலயே கெடக்குது."
ஐந்தையும் பிடுங்கிக்கொண்டு
அவள் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.
எதற்கு என்று கேட்டாள்.
ஈயம் என்றேன்.
"அதான் பெயிண்டு அடிச்சிருக்கே?"

ஒரு குண்டைத் திருப்பிப் பார்த்தேன்.
தரை உரசிய இடத்தில் பூச்சு போய்
மிளகளவு சாம்பல்.

துப்பாக்கி திரும்பி வந்தது,
குழலுக்குள் துருவோடு.
அங்கே யாரும் எதையும் தடவவில்லை.
தேய்த்து எடுத்து, மெழுகுத் துணி சுற்றிச் சுட்டேன்.
வட்டத்துக்கு நாலு விரல் இடப்பக்கம்.

மறுநாள் டின்னுக்கு ஒரு பூட்டு வாங்கினேன்.
"மழைக்கு முன்னாடி ரெண்டு சொட்டு எண்ணெ விட்டுருங்க"
என்றார் கடைக்காரர்.
என்ன எண்ணெய் என்று
நான் கேட்கவில்லை.