நாற்பது சதவீத மாமன்

முனிச்சாலை. இரவு பதினொன்றரை.
பத்துக்கு இருபது, காதுகுத்து பேனர்.
விடியுமுன் பாண்டி கோயில் பக்கம் கட்டியாக வேண்டும்.
அடுத்த அறையில் பிரிண்டர்
யாருடைய கல்யாணத்தையோ
விரற்கடை விரற்கடையாய் வெளியே தள்ளுகிறது.

ஒச்சாத்தேவர் போனில்:
"தாயி, மூத்த மச்சினனத் தூக்கிரு.
சீரு விசயத்துல பேச்சு தடிச்சுப் போச்சு."

தூக்கிரு. சொல்லிவிடலாம்.
போட்டோவை வெட்டி ஒட்டவில்லையே நான்,
மூன்று ராத்திரி பேனா பிடித்து வரைந்த முகம்.
மீசையின் இடது முனைக்கு
வலதைவிடக் கொஞ்சம் சோம்பல்.

சுற்றிக் கோடு இழுக்கிறேன்.
எறும்புகள் கிளம்புகின்றன,
கறுப்பும் வெள்ளையுமாக,
சர்க்கரையே இல்லாத ஓரத்தில்.
கை தவறி வெளியே ஒரு தட்டு:
காதோர மயிரை எண்ணி எண்ணி வளைத்த அரைமணி நேரம்
போன இடம் தெரியாது.

இதைச் செய்தவர்கள் எந்த ஊரோ.
ஒருநாள் இந்த நாற்காலியில் உட்காரட்டும்.
பாதி பிடித்து பாதி விட்ட இடத்தை
எறும்பு எப்படிக் காட்டும்?
தலைமுடிக்குள் புகுந்து வெளிறும் வெளிச்சத்தை
உள்ளே, வெளியே என்று
வாசற்படி போட்டா பிரிப்பது?
நான் தேர்ந்ததை நானே தூரிகையால்
தடவிக் கூட்ட, குறைக்க வேண்டும்.
செலக்‌ஷன் என்பது
இன்னும் பேர் வைக்காத மாஸ்க்தான் என்று
அது ஒத்துக்கொள்ள வேண்டும்.
பேர் வைத்தபின்
படம் நகர்ந்தால் கூட வரணும்,
இரு என்றால் இருக்கணும்.
கேட்காமல் எதனோடும்
ஒட்டிக்கொள்ளக் கூடாது.

அழிப்பானை நான் தொடுவதேயில்லை.
கறுப்புப் பூசினேன், மூத்தவர் மறைந்தார்.
அடியில் இருக்கிறார் முழுசாக,
வேட்டி மடிப்புக் கலையாமல்,
சட்டைப் பையில் ரெண்டு பேனாவோடு.

பெரிதாக்கிப் பார்த்தால்
பிள்ளையின் தோளில் நாலு விரல்.

என் தப்பு.
பட்டுச்சட்டை அமுங்கும் அந்தக் குழிவுக்காக
விரல்களைப் பிள்ளையின் லேயரிலேயே வரைந்திருக்கிறேன்.
மறைத்துப் பார்த்தேன்.
விரலுக்கு அடியில் வெறும் கட்டம் கட்டமாய்.
அங்கே தோளே இல்லை.
வரையவேயில்லை.

டீ வாங்கக் கீழே போனேன்.
கடைக்கார சந்தனகுமார் பால் தீர்ந்தது என்றான்.
வரக்காப்பி.

ஒன்று பத்துக்கு மறுபடி போன், பெண்குரல்:
"அக்கா, பேச்சியம்மா, புள்ளையோட அம்மா.
அண்ணன் வந்துட்டாப்ல.
ஆட்டுக்கு அவர்தான் காசு குடுத்திருக்காப்ல.
படத்துல போட்டுருங்க. ஆனா
கொஞ்சம் மங்கலா."
எம்புட்டு மங்கலா?
மூச்சு மட்டும் கேட்டது கொஞ்ச நேரம்.
"இருக்கோம்னு அண்ணனுக்குத் தெரியணும்.
இருக்காப்லன்னு
எங்க வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது."

இதற்கு எந்த மெனுவிலும் பட்டன் கிடையாது.
சாம்பலைக் குழைத்தேன்.
முப்பதில் அண்ணன் ஆவி மாதிரி நின்றார்.
காதுகுத்துக்கு ஆகாது.
ஐம்பதில் ஒச்சாத்தேவர் கண்டுபிடித்துவிடுவார்.
நாற்பது.
மீசையில் மட்டும் பொட்டு வெள்ளை,
யாரும் கேட்காமல்.
பின்னாலிருக்கும் கோபுரத்தின் மஞ்சள்
அவர் நெஞ்சு வழியாகத் தெரிந்தது.

அச்சுக்குப் போகும்போது
எல்லாவற்றையும் ஒட்டித்தான் அனுப்ப வேண்டும்.
மெஷினுக்கு மாஸ்க் தெரியாது,
யார் அடியில், யார் மேலே தெரியாது.
ஒட்டாத கோப்பு என்னிடம் இருக்கட்டும்.
பிள்ளைக்குத் தங்கச்சி இருக்கிறாள்.
அடுத்த வைகாசியில் அவளுக்கும் காது குத்துவார்கள்.
அன்றைக்கு அண்ணன் நூறோ, பூஜ்ஜியமோ.

அஞ்சரைக்கு வண்டியில் ஏற்றும்போது
சுமைக்காரப் பையன் சுருளை விரித்துப் பார்த்துக் கேட்டான்:
"யாருக்கா இது,
ஆளு புகை மாதிரி இருக்காரு,
கை மட்டும் இம்புட்டு அழுத்தமா?"