செல்லாக்காசு

மழை விட்ட மறுநாள் ஆற்றங்கரை முகத்துவாரத்தில்
ஆட்டுக்காரி பூரணம் கண்டெடுத்தது.
இருபது கேட்டாள். ஐம்பது கொடுத்தேன்.

ரோமாபுரிச் செம்பு. சுண்டுவிரல் நகத்தளவு.
அரசன் முகம் தேய்ந்து
காது மட்டும் மிச்சம்.
எந்த அரசன் என்று தேடவில்லை நான்.
பொன் என்றால் பூட்டி வைத்திருப்பார்கள்;
இது கைமாறிக் கைமாறித் தேய்ந்தது.
எந்த மாலுமியோ
கருவாட்டுக்கோ கள்ளுக்கோ நீட்டி
போதாதென்று ஏச்சு வாங்கியிருப்பான்.

வீட்டில் தீப்பெட்டிகளுக்குள் நாற்பத்தொன்று.
சகாயராணி கணக்கில்
அத்தனையும் அறுந்த சட்டைப் பொத்தான்.

நேற்று பனைக்குளம் பஸ்ஸில்
பையைத் துழாவிக் கொடுத்த சில்லறையோடு
அதுவும் போய்விட்டது.
கண்டக்டர் வழிவிட்டான்
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார்,
பெருவிரலால் தேய்த்தார்,
சரியாக அந்தக் காதின் மேல்.
"இது செல்லாது சார், வேற குடுங்க."

கொடுத்தேன்.
திரும்பி வந்தது
அவர் கைச்சூட்டோடு இருந்தது.

எத்தனை நூறு வருஷத்துக்குப் பிறகு
ஒருவர் அதைக் காசென்று நம்பி வாங்கியிருக்கிறார்,
அடுத்த ஸ்டாப் வருவதற்குள்
நம்பிக்கை போய்விட்டாலும்.

தீப்பெட்டியில் இன்னும் போடவில்லை.
சட்டைப்பையில்தான் கிடக்கிறது,
ஐந்து ரூபாய்களோடு உரசிக்கொண்டு.

நாளைக்கும் அதே பஸ்தான்.