கரை எந்தப் பக்கம்

முட்டிக்குக் கீழே நாலு விரல் என்று
புடவைக்கு மேலேயே கை வைத்துக் காட்டினார் மாதேஸ்வரி,
வேறு யாருடைய காலையோ காட்டுவதுபோல.

அம்மாப்பேட்டை மெயின் ரோட்டில் என் கடைக்கு அகலம் ஆறடி.
வந்தவர் வார்டு கவுன்சிலர் என்று
ஓவர்லாக் மெஷினை விட்டு எழுந்து ஸ்டூலைத் தள்ளினாள் ஹசீனா.
அவர் உட்காரவில்லை.
பழக்கமில்லை போல.

பையிலிருந்து எடுத்தது எட்டு முழ வேட்டி.
கஞ்சி வாசம் போகாத வெள்ளை,
இரண்டு ஓரத்திலும் கட்சிக் கரை.
"வீட்ல இந்த மாதிரி நாப்பது கெடக்குது.
ஒண்ணு கொறஞ்சா தெரியாது."

வேட்டியைப் பற்றி நானும் கொஞ்சம் பார்த்திருக்கிறேன்.
தலைவர் கார் வந்தால் மடிப்பு இறங்கும்
கார் போனதும் ஏறும்.
யார் யாருக்குக் கீழே என்பதை
இந்த ஊரில் முட்டியை வைத்தே சொல்லிவிடலாம்.

தபால் வழியில் முடிக்காத பி.ஏ. வரலாற்றில்
எனக்கு மிஞ்சியது ஒரேயொரு இரண்டு மதிப்பெண் வினா.
பாரீஸில் பிரபுக்கள்
முட்டியோடு நிற்கும் பட்டுக் குலாட் போட்டார்கள்.
கணுக்கால்வரை முரட்டுத்துணி போட்ட தச்சனை, ரொட்டிக்காரனை
குலாட் இல்லாதவன் என்று சிரித்தார்கள்.
அவர்கள் அந்தச் சிரிப்பையே பேராக வைத்துக்கொண்டு
தெருவுக்கு வந்தார்கள்.
விடையில் நான் தையலைப் பற்றியும் நாலு வரி எழுதினேன்.
ஒன்றரை போட்டிருந்தார்கள்.

இப்போது ஐந்து ரோடு கண்ணாடிக்குள்
பொம்மைகள் குலாட் போட்டு நிற்கின்றன,
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
பொம்மைகளுக்குத் தலை கிடையாது.
அதுவும் அந்தப் பாடத்தில் வரும்.

நின்றால் பாவாடை,
நடந்தால்தான் கால்சட்டை.
அதுதான் மாதேஸ்வரிக்குப் பிடித்ததாம்.
நிற்பதில் வீட்டில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

தேர்தல் சுவரொட்டியில் இவர் முகம் பாஸ்போர்ட் அளவு,
வீட்டுக்காரர் குழந்தைவேல் ஆளுயரம்.
கவுன்சிலர் என்று கூப்பிட்டால் திரும்புவது அவர்தான்.
சீல் அவர் சட்டைப்பையில்.
மை கசிந்து கசிந்து
நெஞ்சில் எப்போதும் ஒரு ஊதாக் கறை.

சாக்பீஸை எடுத்துக்கொண்டு கேட்டேன்:
கரை எந்தப் பக்கம் வரணும்,
கீழேயா, பக்கவாட்டிலா?
பின்தெரு விசைத்தறி நாலைந்து முறை அடித்து ஓய்ந்தது.
"உள்ளே. பாக்கெட்டுக்குத் துணியா போட்டுருங்க."
எவ்வளவு ஆழம்?
கட்டை விரலையும் நடுவிரலையும் விரித்து
மேஜைமேல் எதையோ நிறுத்திக் காட்டினார்.
கைப்பிடியோடு சேர்த்து, என்றார்.

வியாழக்கிழமை திரைக்குப் பின்னால் போட்டுப் பார்த்தார்.
இந்தக் கடையில் நடக்க முடிவது மூன்று எட்டு.
நடந்தார், திரும்பினார்,
இன்னொரு முறை நடந்தார்.
"ஏற்காட்டுக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன்.
மலையில யாரு என்ன போட்டா என்ன?"
புதுப் பாக்கெட்டில் கைவிட்டு
எழுபது ரூபாய் பாக்கியைக் கொடுத்தார்.
போகும்போது வலது பாக்கெட் காலி.
நான் தைத்தது, எனக்குத் தெரியும்.

மலைக்குப் போனாரா, கேட்கவில்லை.

போன வாரம் தம்பிக்காக ஹசீனா வாங்கி வந்த
இருப்பிடக் கடிதத்தில்
சீல் கோணலாக விழுந்திருந்தது,
பாதி கையெழுத்தின் மேல்,
தேவைக்கு மேல் அழுத்தி.
"யாரு குத்துனது?"
ஹசீனா பதில் சொல்லவில்லை.
தாளைத் தூக்கிப் பிடித்து
ஊதிக்கொண்டிருந்தாள், காயட்டும் என்று.