ரசீதின் பின்பக்கம்

மருந்துப் பம்பைத் தோளிலிருந்து இறக்காமலே
வரைந்துவிடுவேன்.
நீல பால்பாயிண்ட்.
ரசீதின் மூன்றாம் நகல், அதன் பின்பக்கம்.
யாரும் திருப்பிப் பார்க்காத இடம்.

செவ்வாயும் வியாழனும் பொள்ளாச்சிச் சந்தை கலைந்து
லாரிகள் கோபாலபுரம் வந்துசேர இரவு பத்தாகும்.
டயருக்கு மருந்தடிப்பது நான்.
மாடு எண்ணுவது திருமூர்த்தி சார்.
டார்ச்சை வாலிலிருந்து ஆரம்பிப்பார்.
கொம்பிலிருந்து எண்ணினால் இரண்டால் வகுக்கணுமே என்பார்,
எட்டு மாதமாக இதே நகைச்சுவை.

முதுகெலும்புதான் முதல் கோடு.
கண்ணை லாரியிலிருந்து எடுக்காமல் இழுக்க வேண்டும்.
தாளைப் பார்த்தால் போச்சு,
கை அழகு பண்ண ஆரம்பித்துவிடும்.
அப்புறம் கழுத்து. ஆடு திரும்பும்போது கழுத்து முந்தும்,
மாட்டுக்குத் தோள் முந்தும்,
மனிதனுக்கு, கவனித்திருக்கிறேன்,
பெரும்பாலும் பணம் வைத்திருக்கும் கை.
கால்களுக்குத் தலா ஒரு கீறல்.
குளம்பு மட்டும் வரைவதில்லை.
குளம்பைப் போட்ட கணம்
மாடு அங்கேயே நின்றுவிடுகிறது.
பத்துத் தாள் வீணான பிறகு தெரிந்தது இது.

பகல் ஷிப்ட் என்றால்
எல்லைக்கு அந்தப் பக்கத் தென்னையில் கள்ளிறக்குகிறவர்.
ஏறும்போது நான்கு கோடு,
இறங்கும்போது ஐந்து. ஐந்தாவது குடம்.
பஸ்ஸைத் துரத்தும் டீச்சர்:
குடை முதலில், பிறகு அவர்.

தரகர் மொய்துண்ணி ஒருமுறை எட்டிப் பார்த்து
"எந்தா சேச்சி, இது ஞானோ? எனிக்கு முகமில்லல்லோ" என்றார்.
நீங்கள் காசு எண்ணும்போது முகம் தேவைப்படவில்லை என்றேன்.
சிரித்தார்.
காசை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால்
லாரியில் நிற்கும் மாடு அசைவதே இல்லை.
மூக்கணாங்கயிறு இரும்புக் கம்பியில்,
கொம்பு பக்கத்து மாட்டின் விலாவில்.
ஓடுவது லாரி மட்டும்.
இதை எப்படி வரைவது என்று இன்றும் தெரியாது.
கீழே வட்டம் போட்டால் சக்கரம் ஓடுகிறது,
மேலே மாடுகள் வீட்டுச்சாமான் ஆகிவிடுகின்றன.

ஐப்பசி மழை விட்ட ஒரு வியாழன்.
ரசீது எழுதியாகிவிட்டது: பதினெட்டு.
பின்கதவுக் கொண்டி விலகி
ஒரு செவலை,
குதித்தது என்று சொல்ல முடியாது, கொட்டியது.
பிறகு எழுந்தது.
பிறகு தடுப்புக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு
கேரளாவுக்குள் போனது, கேட்காமல்.
பின்னால் கிளீனர் பையன் பிபின்
ஒற்றைச் செருப்போடு.
கயிற்றின் நுனி அவன் கைக்கு ஒரு முழம் முன்னால்,
எப்போதும் ஒரு முழம்.

நான் பம்பை நிறுத்தவில்லை என்று பிறகு சொன்னார்கள்.
மருந்து என் காலிலேயே பீய்ச்சிக்கொண்டிருந்ததாம்.
ஆறு கோடு.
பேனாவை எடுக்க நேரமில்லாததால்
செவலையின் வாலும் பையனின் கையும்
ஒரே கோடாகப் போய்விட்டது.
தாளில் அவன் பிடித்துவிட்டான்.
ரோட்டில், தென்னந்தோப்பு இருட்டு
இரண்டையும் வாங்கிக்கொண்டது.
அரைமணி கழித்து ஒன்றைத்தான் திருப்பிக் கொடுத்தது.

விடிந்ததும் மொய்துண்ணி வந்தார்.
தோப்புக்காரர்களிடம் காட்ட அடையாளம் வேண்டும், போட்டோ இல்லை.
தாளைத் திருப்பிக் காட்டினேன்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
"இது தன்னெ. இடத்தோட்டு சரிஞ்ஞே ஓடூ."
கொடு என்றார். எப்படிக் கொடுப்பது?
முன்பக்கம் அரசாங்கம்.
முத்திரையோடு பதினெட்டு என்கிறது.
திருமூர்த்தி சார் அதைக் கோப்பில் சேர்க்கத் துளையும் போட்டார்.
துளை பையனின் தலையில் விழுந்தது.

அதனால் வேறு தாளில் வரைந்தேன்.
பகல் வெளிச்சம், நாற்காலி, டீ.
பக்கத்தில் நின்று அவர் கொம்பின் வளைவு சொல்லச் சொல்ல.
சாய்வு சரி. வால் சரி.
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.
வண்டி கிளம்பிய பிறகுதான் உறைத்தது,
நான்கு குளம்பும் போட்டிருக்கிறேன்.