கசிவு

பதினெட்டாந் தேதியே முடிந்துவிட்டது.
போன மாதம் இருபத்தொன்று, அதற்கு முந்தி இருபத்தாறு.
நாங்கள் காசு கட்டுவது முப்பது நாளுக்கு.
தர்மிகாவின் இரசாயன வகுப்பில்
பென்சீன் வளையம் பாதியில் நிற்க
வாத்தியார் வாயைத் திறந்தபடி உறைந்துபோனார்.

றவுட்டர் இருப்பது சமையலறை ஜன்னலில்,
ஓர்ஸ்ஹில் கோபுரத்தைப் பார்த்தபடி.
ஒரு சாண் இடப்பக்கம் தள்ளினால் மூன்று கோடு,
வலப்பக்கம் ஒன்று.
கச்சான் அடிக்கிற நாளில் ஜன்னலைச் சாத்தினால் அதுவுமில்லை.
திறந்தால் டைக் வீதி மணல் முழுக்கச் சோற்றுக்குள்.
உப்பு தின்ற வயர் நுனியை
மாதம் ஒருமுறை நான்தான் சுரண்டுகிறேன்.

பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பதும் என் கையெழுத்து:
வகுப்பு நடக்கும்போது வேறு எவரும் படம் பார்க்கப்படாது.
கிரிக்கெட் என்றால் ஸ்கோர் மட்டும்.
(ஸ்கோர்தான் பார்க்கிறன் என்பார் வரதன்.
கழிவறைக்குள் சனம் கைதட்டுவது கேட்கும்.)
விருந்தாளிக்குப் பாஸ்வேர்ட் சொல்லப்படாது,
நானே அடித்துக் கொடுப்பேன்.
அனெக்ஸில் இருக்கும் நஸ்மியா தாதி
மூதூரில் விட்டுவந்த பிள்ளையோடு கதைக்கிற அரைமணி
கணக்கில் சேராது.

“இதென்ன வீடோ, நேவி கேட்டோ?”
என்று கேட்டது என் மகள்தான்.

பதினாறு வருசமாய்த் தண்ணீர்ச் சபையில் மீற்றர் வாசிக்கிறேன்.
பாலையூற்றிலும் லிங்கநகரிலும்
எத்தனை வாசலில் இதே சண்டை:
நாங்கள் பாவிக்கேல்ல, உங்கட மீற்றர்தான் பிழை.
நான் ஒன்றுதான் சொல்வேன்.
எல்லாப் பைப்பையும் பூட்டுங்கோ. பிறகு முள்ளைப் பாருங்கோ.
ஓடினால், எங்கேயோ நிலத்துக்குக் கீழே போகுது.

அன்றிரவு என் வீட்டிலும் பூட்டினேன்.
எல்லாருடைய போனையும் நிறுத்தி
அலுமினியச் சருவத்துக்குள் போட்டு மூடினேன்.
டீவி வயரைப் பிடுங்கினேன்.
றவுட்டருக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தேன்.
விளக்கு பச்சையாய்ச் சும்மா நின்றது.
பத்தே முக்கால். சும்மா.
வழக்கில் வென்றவர்போல் வரதன் கொட்டாவி விட்டார்.
பதினொன்று ஐந்துக்குத் துடிக்கத் தொடங்கியது,
பொய் சொல்கிற பிள்ளையின் இமை மாதிரி.

வெளியே சருகு நெரிபட்டது.

பாசலில் இருந்து மச்சான் அனுப்பிய கமரா,
கேற்றுத் தூணில், கள்ளருக்கென்று பூட்டியது.
ஏதும் அசைந்தால் விழிக்கும்.
விழித்தால் எடுத்ததையெல்லாம் எங்கேயோ வானத்துக்கு ஏற்றும்.
விடிந்ததும் திறந்து பார்த்தோம்.
நானூற்றுப் பன்னிரண்டு காட்சி. ஒரு கள்ளனுமில்லை.
மான்.
மான். மானின் பின்புறம்.
என் செவ்வரத்தையை மொட்டோடு தின்னும் மான்.
நுளம்புக்குக் காது உதறிக்கொண்டு
பதினொரு நிமிடம் சும்மா நின்ற மான்.
கடைசியில் ஒரு நாக்கு, லென்ஸ் முழுக்க.
கோட்டைப் பக்கமிருந்து ஆறுதலாய் நடந்துவந்து
எங்கள் மாதத்தின் பன்னிரண்டு நாளை மேய்ந்துவிட்டுப் போயிருக்கிறது.

வரதன் ஏணியை எடுத்தார்.
கழற்றப்போகிறோம் என்று சொல்ல
மச்சானுக்கு அடித்தேன், கடன் வாங்கிய டேற்றாவில்.
எடுத்தவுடனே கேட்டார்:
“கொம்பு முறிஞ்சது நேற்று வந்ததே?”
இங்கே பதினொன்று அடிக்கும்போது அங்கே ஏழரை.
கந்தோர் கூட்டப்போகும் ட்ராமில் பார்ப்பாராம்.
இரண்டு நாள் அது வராவிட்டால்
கோட்டையில் ஏதும் கலியாண வீடோ,
வாழையிலை கிடைத்ததோ என்று யோசிப்பாராம்.

கசிவென்றால் அடைக்க வேண்டும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த வரதன்
ஏணியை இருந்த இடத்தில் வைத்தார். நான் சொல்லவில்லை.

பிரிட்ஜ் கதவில் ஒரு வரி கூட்டினேன்:
மானுக்கு மாதம் ஐந்து ஜீபி. அம்மாவின் நாடகத்தில் கழியும்.

மத்தியானம் வந்து பார்க்கிறேன்,
அதன் கீழே பென்சிலால், தர்மிகா:
பாஸ்வேர்ட் நீங்களே அடிச்சுக் குடுத்தனீங்களோ?