மனை எண் 47

வழிகாட்டிக் குரல் கைவிட்ட இடத்தில்
தார் இன்னும் மணக்கிறது.
"நீங்கள் சாலையில் இல்லை" என்கிறது போன்.
சாலையில்தான் இருக்கிறோம்.
போன அக்டோபர்வரை இது சோளம்,
அது இன்னும் சொல்லப்படவில்லை
வானத்தில் சுற்றும் அந்த இயந்திரத்துக்கு.

ஏம்ஸ் நகரின் வடக்கு ஓரம், அயோவா.
தெருவுக்கு ஓக் தோப்பு வளைவு என்று பெயர்.
தோப்பும் இல்லை, ஓக்கும் இல்லை.
வாசலுக்கு ஒன்றாய் இடுப்பளவு மேப்பிள்,
இரண்டு குச்சிகளின் தோளைப் பிடித்தபடி
அறுவை முடிந்து முதல்நாள் நடக்கிறவர்போல.

விற்பனைக்கு நின்ற பிரெண்டா
காலணிக்கு நீல உறை தந்தாள்.
மாதிரி வீட்டில் எலுமிச்சை பிளாஸ்டிக்.
சேந்தன் ஒன்றை எடுத்து முகர்ந்தும் பார்த்தான்.
தொலைக்காட்சி, அட்டை.
புத்தகங்கள் முதுகைச் சுவருக்குக் கொடுத்து
பெயர் சொல்லாமல் நின்றன.
இந்த வீட்டில் யாரும் இதுவரை
வெங்காயம் நறுக்கி அழுததில்லை.

பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து,
குரலைத் தாழ்த்தி,
"நாற்பத்தேழு கிழக்குப் பார்த்தது" என்றாள்.
கிழக்குக்கு ஆறாயிரம் டாலர் கூடுதல்.
யார் சொல்லிக் கொடுத்தார்களோ!
நானும் வெட்கமில்லாமல்
சூரியன் எந்த ஜன்னலில் வருவான் என்று கேட்டேன்.

இப்போதிருப்பது
கல்லூரிக்கு ஏழு நிமிட நடை.
நூறு வயது வீட்டின் மாடி,
கீழே நான்கு மாணவர்கள், ஒரு டிரம் செட்.
பரணில் அணில்கள்; அவற்றுக்கு வாடகை உயர்வதில்லை.
ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில்
எங்கள் வண்டி நிற்கும் இடத்தில்
யாரோ கறி வாட்டுவார்கள், எங்களுக்கும் ஒரு தட்டு நீட்டுவார்கள்.
ஜூலை கடைசியில் ஊரே வீடு மாறும்.
சோபாக்கள் நடைபாதையில் மழை குடிக்கும்.
அப்படி ஒன்றில்தான்
மூன்று வருடம் உட்கார்ந்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்கள் இல்லாத நேரம்,
நாற்பத்தேழைப் பார்க்கப் போனோம்.
சுவர் இல்லை. மரச் சட்டங்கள் மட்டும்.
படுக்கையறையிலிருந்து அடுக்களைக்கு
கதவைத் தேடாமல், சட்டங்களுக்கு இடையே
பக்கவாட்டில் நுழைந்து போனேன்.
பைன் வாசம். காற்று எல்லா அறையிலும் ஒரே நேரத்தில்.
சட்டமொன்றில் தச்சன் போட்ட கணக்கு,
பக்கத்தில் ஒரு இதயம், யோலாந்தா என்று பெயர்.
கீழே தட்டையான பென்சில் கிடந்தது.

சேந்தன் நிலவறைக் குழியில் நின்று
தண்ணீர் ஏறினால் பம்பு தாங்குமா என்று
தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான்.
நான் அடுப்பு வரப்போகும் இடத்தில் நின்று
வலது கையை நீட்டிப் பார்த்தேன்.
கை எட்டிய உயரத்தில், சட்டத்தில், எழுதினேன்:
உப்பு.

பென்சிலை எடுத்த இடத்தில் வைக்கவில்லை.

பத்து நாள் கழித்து பிரெண்டாவின் அழைப்பு.
கால்பந்து அணியின் துணைப் பயிற்சியாளர்
முழுப் பணமும் ரொக்கமாய்.
எங்களுக்கோ வங்கி, சேந்தனின் ஒப்பந்தத்தில்
இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணிக்கொண்டிருந்தது.

டிசம்பரில் அந்தப் பக்கம் போகவேண்டிய அவசியம்
எதுவும் இல்லை. போனேன்.
அடுக்களையில் விளக்கு. பனியில் மஞ்சளாய் ஒரு கட்டம்.
ஒரு பெண் கையை நீட்டி எதையோ எடுத்தாள்.
காபித் தூளோ, நாயின் மாத்திரையோ.
அவள் விரலுக்கும் என் எழுத்துக்கும் நடுவே
அரை அங்குல அட்டை, இரண்டு பூச்சு வெள்ளை.
கிழக்குப் பார்த்த வீட்டில்
ஒரு சொல்லுக்கு மட்டும் வெயில் படாது.

"ஐம்பத்திரண்டு இருக்கிறதாம்" என்றான் சேந்தன் நேற்று.
"தெற்கு. விலை குறைவு.
இன்னும் அஸ்திவாரமே போடவில்லை."
தெற்கா என்று நான் கேட்பேன் என நினைத்திருப்பான்.
சட்டம் எப்போது எழுப்புவார்கள் என்று
கேட்கச் சொன்னேன்.